மலையகத்தில் சிறிய காரை வீட்டிலேயே பராமரிப்பது: ஒரு காலைப்பொழுதின் வேலை ஒழுங்கு

இந்த வழிகாட்டி மாருதி ஆல்டோ 800 போன்ற சிறிய பெற்றோல் கார்களுக்காக எழுதப்பட்டது. முன் சில்லுகள் இழுக்கும், கையால் கியர் மாற்றும், முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும் உள்ள கார் என்றால் பெயர் எதுவாக இருந்தாலும் இதே ஒழுங்கு பொருந்தும். அளவுகள் மட்டும் காருக்குக் கார் மாறும் என்பதால், உங்கள் காரின் கைநூலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முதலில் ஒயிலைத்தான் மாற்றப் போகிறார்கள். அது வரிசையைத் தலைகீழாக்குகிறது. ரயர் காற்று, கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆகியவற்றைக் கார் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒயிலை எஞ்சின் சூடான பிறகு வடிக்க வேண்டும். பிரேக்கைத் தொடும் கையில் ஒயில் இருக்கவும் கூடாது. ஆகவே குளிர்ந்த வேலையும் சுத்தமான வேலையும் காலையில் முதலில் வரும், ஒயில் கடைசியில் வரும்.

1. மட்டமான இடத்தைத் தேர்தல்

மலையகத்தில் இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். லயத்து வாசல், தோட்டப் பாதை, கடைத்தெருவின் ஓரம் என எல்லாமே ஏதோ ஒரு பக்கம் சரிந்துதான் கிடக்கின்றன. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இடத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். அது தானாக உருண்டால் அங்கே காரைத் தூக்கக் கூடாது. கோயில் வளாகத்தின் சீமெந்துத் தளம், பாடசாலை மைதானத்துக்கு வெளியே உள்ள வாகனத் தரிப்பிடம் போன்ற இடங்களை, அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மூன்று மணி நேரம் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மட்டமான இடம் இரண்டு காரணங்களுக்காகத் தேவை. ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள கார் ஜக்கின் மேல் இருந்து நழுவாதிருக்க வேண்டும் என்பது ஒன்று. சரிவில் நிற்கும் காரின் ஒயில் மட்டமும் கூலன்ட் மட்டமும் பொய் சொல்லும் என்பது மற்றது.

மண் தரையானால் ஜக்கின் அடியில் இரண்டு அங்குலத் தடிப்புள்ள அகலமான பலகையை வையுங்கள். மழை பெய்து ஓய்ந்த செம்மண், பார்வைக்கு இறுகியிருந்தாலும் பாரம் ஏறியதும் உள்வாங்கும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

நடுவில் கடைக்கு ஓட வேண்டி வந்தால், ஒயில் இல்லாத காரில் ஓட முடியாது. ஆகவே கைநூல் சொல்லும் தரத்தில் எஞ்சின் ஒயில், புதிய ஒயில் ஃபில்டர், வடிகால் போல்ட்டுக்குப் புதிய வொஷர், ஏயார் ஃபில்டர், கூலன்ட், முத்திரை உடைக்காத சிறிய பிரேக் ஒயில் போத்தல் ஆகியவற்றை முதல் நாளே எடுத்து வையுங்கள்.

கருவிகளில் ஸ்பனர் தொகுதி, சில்லு நட் திறப்பி, ரயர் காற்று அளவி, புனல், நான்கு லீற்றருக்குக் குறையாமல் கொள்ளும் தட்டையான பேசின், கையுறை, பழந்துணி என்பன போதும். தவிர்க்கவே கூடாதவை இரண்டு: ஒரு சோடி ஸ்டாண்ட் (தூக்கிய காரைத் தாங்கும் இரும்புக் கால்கள்), நான்கு சில்லுக் கட்டைகள். காரோடு வரும் ஜக் சில்லு மாற்றுவதற்கு மட்டுமே. அதன் மேல் நிற்கும் காரின் அடியில் தலையை விடுவது தற்கொலைக்குச் சமம். ஸ்டாண்டுக்குப் பதிலாகச் சீமெந்துக் கல் வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்; அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிப்பதில்லை, ஒரே நொடியில் பொடியாகிவிடும்.

3. எஞ்சினைத் தொடக்குவதற்கு முன்

இரவு முழுவதும் நின்ற காரில், சாவியைத் திருப்பாமல், இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்.

ரயர்: காற்றின் அளவு சாரதிக் கதவின் ஓரத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். ஓடிய ரயர் சூடாகி அழுத்தம் கூடுவதால் குளிர்ந்த ரயரில்தான் அளக்க வேண்டும். மலைக்கு ஏறினால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. கொழும்பில் நிரப்பிய ரயர் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வரும்போது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி இரண்டு மூன்று பீ.எஸ்.ஐ. கூட்டிக் காட்ட வேண்டியதுதான். ஆனால் இங்குள்ள குளிர் அதில் பெரும்பகுதியை இறக்கிவிடுகிறது. மிச்சம் ஒன்றுக்கு அண்மையில்தான். எனவே காற்றைக் குறைக்காமல், தாளில் உள்ள அளவையே வைத்துக்கொள்ளுங்கள். ரயரின் பள்ளம் 1.6 மில்லிமீற்றரை எட்டும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஈரமான வளைவுகளில் ஓடுபவர் 3 மில்லிமீற்றரிலேயே மாற்றுவது நல்லது. மேலதிகச் சில்லின் காற்றையும் அப்போதே பாருங்கள். அது தேவைப்படும் நாளில்தான் அதில் காற்றில்லை என்பது தெரியவரும்.

கூலன்ட்: வெள்ளை டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திறந்து, அதன் இரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சின்ன மூடி நம் பக்கத்தில் மற்ற இடங்களை விட முக்கியமானது. நுவரெலியாவின் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்காமல் இருக்கிறது. மூடி பழுதானால் கூலன்ட் நிறைந்திருந்தும் கார் கொதிக்கும். கார்க்காரரோ ரேடியேட்டரைக் குறை சொல்வார்.

மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்திருந்தாலும் அதைத் தொடர்ந்து ஊற்றாதீர்கள். துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை, மலையிலிருந்து கரைந்து வரும் உப்புகள் உண்டு. வழியில் அவசரத்துக்கு ஊற்றினால், வீடு வந்த பின் வடித்துக் கூலன்ட் நிரப்ப வேண்டும்.

பிரேக் ஒயில்: டப்பாவில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது மிகப் பரவலான தவறு. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேயத் தேய இந்த மட்டம் மெல்ல இறங்கும். அது பேட்டைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி. பேட் தேயாமலே மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது, காரை ஓட்டக் கூடாது. மட்டத்தைக் குறித்துக்கொண்டு, பிரேக்கைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

பெட்டரி: முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவால் கழுவித் துடையுங்கள். கழற்றும்போது கழித்தல் முனை முதலில், பூட்டும்போது அது கடைசியில். கூட்டல் முனையில் இருக்கும் ஸ்பனர் தவறி உடற்பகுதியில் பட்டாலும், கழித்தல் முனை கழன்றிருந்தால் தீப்பொறி பறக்காது. ஓய்ந்திருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 காட்டும் பெட்டரி தை மாதத்துக் குளிர் காலையில் உங்களைக் கைவிடும்.

ஏயார் ஃபில்டர்: பெட்டியைத் திறந்து, தாளைத் தரையில் மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்கலாம், கழுவக் கூடாது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி தெரியாத ஃபில்டரை மாற்றிவிடுங்கள். அடைத்த ஃபில்டர் ஏற்றத்தில் இழுவையைக் குறைப்பதோடு, பெற்றோலையும் கூடக் குடிக்க வைக்கலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் இதைக் கவனிப்பது நல்லது.

4. காரைத் தூக்குதல்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டும் பிடிக்கிறது. கியரில் போட்டு நிறுத்தினால் அது முன் சில்லுகளை மட்டும் பிடிக்கிறது. எந்தப் பக்கத்தைத் தூக்குகிறீர்களோ, அந்தப் பக்கத்தின் பிடி போய்விடுகிறது. முன்பக்கத்தைத் தூக்கினால் கியர் உதவாது. ஒரேயொரு முன் சில்லைத் தூக்கினாலும் இதே கதைதான். இரண்டு முன் சில்லுகளையும் வெவ்வேறு விதமாகச் சுற்றவிடும் டிஃபரன்ஷல் காரணமாக, தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள சில்லு மறுபக்கம் உருண்டுவிடும். அப்போது காரைப் பிடித்திருப்பது ஹேண்ட் பிரேக்கும் பின் சில்லுகளுக்கு வைத்த கட்டைகளும்தான். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்குக்கு வேலை இல்லை. முதலாம் கியரும் முன் சில்லுக் கட்டைகளும் வேண்டும். கட்டையைச் சில்லின் முன்னும் பின்னும் இறுக வையுங்கள்.

என் அக்காவின் மகன் புதிதாகக் கார் வாங்கிய மாதத்தில், பின் சில்லைக் கழற்ற ஜக்கைப் போட்டுவிட்டு, “மாமா, ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்துட்டேன், பயப்படாதீங்க” என்றான். நான் பம்பரில் கை வைத்து மெல்லத் தள்ளினேன். கார் ஜக்கோடு சேர்ந்து ஒரு சாண் முன்னால் சாய்ந்தது. அன்றிலிருந்து அவன் கட்டை வைக்காமல் ஸ்பனரைத் தொடுவதில்லை.

வரிசை இது: கட்டை வையுங்கள், சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், ஏனெனில் தூக்கிய பின் பலம் கொடுத்தால் கார் ஆடும், கைநூல் காட்டும் இடத்தில் ஜக்கைப் போட்டுத் தூக்குங்கள், ஸ்டாண்டை வைத்து அதன் மேல் பாரத்தை இறக்குங்கள், காரைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மட்டுமே நட்டுகளைக் கழற்ற வேண்டும்.

5. பிரேக்கைப் பார்த்தல்

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குபவர் ஒரே இறக்கத்தில் ஆயிரம் மீற்றருக்கும் மேல் கீழே வருகிறார். அந்த இறக்கத்தின் ஆற்றல் முழுவதையும் எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டு வெப்பமாக்க வேண்டும். நம் பிரேக்குகள் சமவெளிக் கார்களின் பிரேக்குகளை விட வேகமாகத் தேய்வதற்குக் காரணம் இதுவே.

முன் சில்லைக் கழற்றியதும் டிஸ்க்கின் இரு புறமும் உள்ள பேட்டுகளைப் பாருங்கள். வெளிப் பேட் தடிப்பாக இருக்க உட்பேட் தேய்ந்து போயிருப்பது வழக்கமாகக் காணும் நிலை. சில்லைக் கழற்றாமல் எட்டிப் பார்ப்பவர்களுக்கு வெளிப் பேட் மட்டுமே தெரிகிறது; அதில்தான் ஏமாறுகிறார்கள். உலோகத் தகட்டைச் சேர்க்காமல், உராயும் பகுதி மட்டும் 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டிஸ்க்கின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். தெளிவான விளிம்பு தட்டுப்பட்டால் டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது.

பின் டிரம்மைப் பொறுத்தவரை, நடு நட்டைக் கழற்றித்தான் டிரம்மை எடுக்க முடியும் என்றால் அந்த வேலையைக் கராஜுக்கு விடுங்கள். பின் தகட்டில் இரப்பர் மூடியிட்ட துளை இருந்தால் அதன் வழியே டோர்ச் அடித்து, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் தடிப்பைப் பார்க்கலாம். சில்லின் உட்புறம் ஈரப்பசையோடு கறுத்திருந்தால் சிலிண்டர் கசிகிறது. பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

பேட் மாற்றுவது கடினமான வேலை இல்லை என்றாலும், முதல் முறை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். பிரேக் குழாய்களைக் கழற்றுவது, அவற்றிலிருந்து காற்றெடுப்பது, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றை வீட்டில் தொடாதீர்கள். நம் பாதையில் பிரேக் தவறினால் ஓரத்தில் நிறுத்த ஓரமே கிடையாது.

பிரேக் ஒயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கராஜில் மாற்றச் சொல்லுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். டொட் 3 என்ற தரத்துப் புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்ச அளவு 140 பாகைதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சைப் போல் அமுங்கும், கார் நிற்காது. திறந்து ஒரு வருடம் அலுமாரியில் கிடந்த போத்தலை ஊற்றக் கூடாது என்பதும் இதனால்தான்.

சில்லைப் பூட்டும்போது நட்டுகளை முதலில் கையால் திருகி, காரை இறக்கிய பின், எதிர் எதிராக இறுக்குங்கள். வட்டமாக வரிசையில் இறுக்கினால் சில்லு ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். நட்டின் மேல் ஏறி மிதிப்பவர்கள், மழையில் பஞ்சரான நாளில் தாங்களே அதைக் கழற்ற வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பேட்டைத் தொட்டிருந்தால் எஞ்சினைத் தொடக்குமுன் பிரேக் பெடலைப் பல முறை மிதியுங்கள். பேட்டை அழுத்தும், நீங்கள் பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேட்டைத் தொடும் வரை முதல் இரண்டு மூன்று மிதிகளில் பிரேக் பிடிக்காது.

6. ஹேண்ட் பிரேக்கும் கிளச்சும்

ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது ‘டிக்’ சத்தத்தை எண்ணி, கைநூலோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை கூடினால் கேபிளை இறுக்கத் தாவுவது தவறு. முதலில் பின் ஷூக்களைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகே கேபிள். கேபிளை மட்டும் இறுக்கினால் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே ஓடிச் சூடாகும்.

கிளச் பெடலில் சற்று வெறும் அசைவு இருக்க வேண்டும். அது முழுதும் இல்லாமல் போனால் கிளச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். ஏற்றத்தில் பஸ்ஸின் பின்னால் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், கிளச்சைப் பாதி விட்டுக் காரைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால், எந்தப் பராமரிப்பும் கிளச் தட்டைக் காப்பாற்றாது.

7. சிறிய ஓட்டம்

இப்போது பத்து நிமிடம் ஓட்டுங்கள். முதலில் மட்டமான இடத்தில் நடைவேகத்தில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள், பிறகு பாதைக்கு எடுங்கள். பிரேக்கைச் சோதிப்பதும் ஒயிலைச் சூடாக்குவதும் ஒரே ஓட்டத்தில் முடிகின்றன.

8. ஒயில் மாற்றுதல்

சூடான ஒயில் இளகி, அழுக்கைச் சுமந்துகொண்டு வடியும். கொதிக்கும் சூடு வேண்டாம். ஓட்டிய பின் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, முன்பக்கத்தை நான்காம் பகுதியில் சொன்னபடி தூக்குங்கள். மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் கீழே தடையின்றி வடியும்.

வடிகால் போல்ட்டைத் தேடும்போதுதான் பெரிய தவறு நடக்கிறது. காரின் அடியில் எஞ்சினுக்கு ஒன்றும் கியர் பெட்டிக்கு ஒன்றுமாக, ஒத்த தோற்றமுள்ள இரண்டு போல்ட்டுகள் இருக்கும். கியர் பெட்டியின் போல்ட்டைத் திறந்து வடித்துவிட்டு, மேலே எஞ்சினில் புதிய ஒயிலை ஊற்றுபவர்கள் உண்டு. அப்போது எஞ்சினில் இரட்டிப்பு ஒயில், கியர் பெட்டியில் ஒன்றுமில்லை. வெளியே வருவது கறுப்பாகவும் இளகியும் இல்லாமல், தேன் நிறத்தில் தடிப்பாகவும் கந்தக நெடியோடும் இருந்தால் உடனே போல்ட்டை மூடுங்கள். அது கியர் ஒயில்.

வடிந்து முடிந்ததும் புதிய வொஷரோடு போல்ட்டைக் கையால் திருகி, பிறகு ஸ்பனரால் கைநூல் அளவுக்கு இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் எஞ்சின் தொட்டியின் புரி கழன்றுவிடும். அந்தச் செலவு பத்து ஒயில் மாற்றங்களின் செலவுக்கு மேல்.

பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் இரப்பர் வளையம் அதோடு வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை. பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய ஃபில்டரைப் பூட்டினேன். தொடக்கிய அரை நிமிடத்தில் இரண்டு வளையங்களுக்கும் இடையில் ஒயில் பீறிட்டு, பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்டிருந்த மிளகாய்ப் பாய் வரை ஓடியது. மிளகாய்க்கு விலை கொடுத்துத் தீர்த்தேன்.

புதிய ஃபில்டரின் வளையத்தில் புதிய ஒயிலைத் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்றுப் போதும். திறப்பியால் இறுக்க வேண்டாம்.

காரைத் தரைக்கு இறக்கி, கைநூல் சொல்லும் அளவில் அரை லீற்றர் குறைவாக ஊற்றுங்கள். ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தொடும் வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்பது சோற்றுக்குப் பொருந்தும், ஒயிலுக்குப் பொருந்தாது.

இடைவெளியைப் பொறுத்தவரை, கைநூல் கூடுதலான தூரம் சொன்னாலும், ஏற்றமும் குறுகிய ஓட்டங்களும் குளிர் தொடக்கமும் கொண்ட நம் பாவனைக்கு நான் 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம் என்று வைத்திருக்கிறேன்.

9. பழைய ஒயிலை அகற்றுதல்

பழைய ஒயிலைப் போத்தலில் ஊற்றிச் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். கானில் ஊற்றக் கூடாது. தலவாக்கலைப் பக்கத்துக் கானின் தண்ணீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்கும், மஸ்கெலியாப் பக்கத்தது களனி கங்கைக்கும் போகிறது. அதற்கு முன்னரே கீழ் லயத்துப் பீலிக்கும் போய்விடும்.

10. மழையும் பனிமூட்டமும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன் வைப்பர் இரப்பரை மாற்றுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டின் கடைசி மாதங்களின் மழைக்கு முன் இன்னொரு முறை பாருங்கள். முன் விளக்கு, பின் விளக்கு, பிரேக் விளக்கு எல்லாவற்றையும், ஒருவரைப் பின்னால் நிறுத்தி, எரியவைத்துப் பாருங்கள். பனிமூட்டத்தில் பின்னால் வருபவருக்கு உங்கள் காரில் தெரிவது அந்தச் சிவப்பு மட்டுமே. சில்லு வளைவுகளுக்குள் அப்பிய செம்மண்ணைக் குழாய் நீரால் கழுவுங்கள். ஈரமான மண் ஒட்டியிருக்கும் இடத்தில்தான் தகரம் முதலில் துருப்பிடிக்கிறது.

11. மறுநாளும் நூறாவது கிலோமீற்றரும்

மறுநாள் காலை, காரை எடுக்குமுன், அதன் அடியில் ஒரு காட்போட் அட்டையை விரித்துப் பாருங்கள். ஒயில் சொட்டு விழுந்திருந்தால் வடிகால் போல்ட்டிலிருந்தா ஃபில்டரிலிருந்தா என்பதை, சொட்டு விழுந்த இடமே சொல்லும். டிப் ஸ்டிக்கையும் மீண்டும் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லு நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, திகதியையும் ஓடிய தூரத்தையும் பேட்டின் தடிப்பையும் ஒரு தாளில் எழுதி, கைநூலுக்குள் வையுங்கள். அடுத்த முறை சில்லைக் கழற்றும்போது, பேட் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை அந்தத் தாளிலிருந்து கணக்கிடலாம்.